பலகைக்கு இரண்டு பக்கமும்

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்காக யாரோ வைத்த பெயர். அவளோ அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டாள். "சல்லடை பேசுறேன், சொல்லுங்க" என்று போனிலேயே சொல்லுமளவுக்குப் போய்விட்டது.

பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டடத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறையில் அவள் வேலை. மின்வழிக் கல்வியைப் பற்றி உலகத்தில் யார் யார் என்னென்ன ஆராய்ச்சி செய்கிறார்கள், அந்த ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று ஆராய்ச்சி செய்யும் பிரிவு அது. ஆராய்ச்சியைப் பற்றியே ஆராய்ச்சியா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அதற்கும் மாதாமாதம் சம்பளம் வருகிறது.

கம்ப்யூட்டர் தேடித் தேடி ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கொண்டுவந்து கொட்டும். கற்றல் என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், அள்ளிக்கொள்ளும். மாணவன் கற்பதா, இயந்திரம் கற்பதா என்றெல்லாம் அது பார்க்காது. படிக்கட்டு ஏறக் கற்றுக்கொண்ட ரோபோவும் வரும், வீட்டிலிருந்தே செவிலியர் படிப்பு படித்த பெண்களும் வருவார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ஒரு சுருக்கம் இருக்கும். அதைப் படித்து, 'சேரும்' அல்லது 'சேராது' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இதுதான் சல்லடையின் பிழைப்பு. அதற்கு முன்னால் ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவள். நூலகம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது எண் ஒட்ட ஆள் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வேலை போய்விடும் என்ற பயம் அவள் வயிற்றில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

படித்துப் படித்து அவளுக்கு அந்த ஆராய்ச்சி உலகத்தின் போக்கு அத்துப்படி. ஆரம்பத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் வந்தால் வாத்தியார் போய்விடுவாரா என்று எழுதினார்கள். வாத்தியார் போகவில்லை. பிறகு இணையத்தில் பாடம் ஏற்றுவதைப் பற்றி எழுதினார்கள், பிறகு கைபேசி, பிறகு பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக்கிடந்த வருஷத்தில் அடைமழைபோலக் கொட்டித் தீர்த்தார்கள். இப்போது எதைத் தொட்டாலும் செயற்கை அறிவு. மாணவர்களுக்குத் திருப்தியா என்று கேட்காத கட்டுரை இல்லை. படிப்பை நடுவில் விட்டுப் போனவனைத் தேடிப் போய்க் கேட்ட கட்டுரை அபூர்வம். எல்லாக் கட்டுரையும் கடைசியில் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடியும். "ஆமா, இல்லன்னா நம்ம பொழப்பு என்னாகுறது" என்பாள் சல்லடை.

இந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. ஒரே கட்டுரையை இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. கடைசியில் இரண்டு பேர் பதில்களையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுக் கட்டுரையில் போடுவார்கள். அந்த எண்தான் ஆராய்ச்சியின் மானம்.

இரண்டாவது ஆள் அவளுடைய தங்கை வீட்டுக்காரர். வேலையில்லாமல் இருந்தவரை அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். பிரிவின் தலைவியான பேராசிரியை உறவு தெரிந்துதான் சேர்த்துக்கொண்டாள். தெரிந்ததால்தான் இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு மரப்பலகையை நிறுத்திவைத்தாள். "வீட்ல என்ன வேணாலும் பேசிக்கோங்க. இங்க பலகைக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நீங்க" என்று சொல்லியிருந்தாள்.

போன வருஷம் தங்கைக்குப் பிரசவத்தில் சிக்கல். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வார்டுக்கும் மருந்துக்கடைக்குமாக ஓடினார். வேலை நின்றால் சம்பளம் நிற்கும், ஒப்பந்தமும் முறியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் சல்லடையிடம் பாஸ்வேர்டைச் சொன்னார்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு மட்டும். அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னாலதான இதெல்லாம்னு அழுவா. அவகிட்டயும் மேடம்கிட்டயும் நான் இங்கயே உக்காந்து வேலைய முடிச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"சரி மாப்பிள்ள, நீங்க அவளப் பாருங்க" என்றாள் சல்லடை. வேறென்ன சொல்வாள், உடன்பிறந்தவள் அல்லவா படுத்திருக்கிறாள்.

கொஞ்ச நாள் என்பது அந்த மொத்த வேலையாகவே நீண்டது. எல்லோரும் சாப்பிடப் போனதும் சல்லடை எழுந்து பலகைக்கு அந்தப் பக்கம் போய் மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்காருவாள். தன் நாற்காலியிலேயே இருந்து அவர் பெயரில் அழுத்தியிருக்கலாம், யார் பார்த்தார்கள். ஆனால் அவளுக்கு அது சரிப்படவில்லை. இடம் மாறினால்தான் ஆள் மாற முடிந்தது. மாப்பிள்ளை இளகிய மனசுக்காரர், பாதிக்குப் பாதி பொருந்தினாலே சேர்த்துவிடுவார் என்று அவளே ஒரு மாப்பிள்ளையைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். தான் 'சேராது' என்று தள்ளிய கட்டுரையை அங்கே உட்கார்ந்து, "இதுக்கு அவரு போனா போவுதுன்னு சேர்த்திருப்பாரு" என்று சேர்ப்பாள். அப்படிக் கொஞ்சம் வேற்றுமை காட்டினால்தானே நம்புவார்கள். ஆனாலும் ஒரு கை, ஒரு மூளை. ஒத்துப்போன அளவு வானத்தைத் தொட்டது. பேராசிரியை பூரித்துப்போனாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினார், கட்டுரையும் ஒரு பெரிய ஆய்விதழுக்குப் போயிற்று. குட்டு அதோடு புதைந்தது என்றுதான் சல்லடை நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டாள். ஆய்விதழிலிருந்து மெயில் வந்திருந்தது. கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒரு நிபுணர், முகம் தெரியாத மகராசன், ஒரு சந்தேகம் கிளப்பியிருந்தார். இவ்வளவு ஒத்துப்போவது இயல்பாக இல்லை. பள்ளிகள் மூடிய வருஷத்தில் கைபேசி வழிப் பாடம் பற்றி வந்த கட்டுரைகளை மட்டும் அந்த இரண்டு பேரும் தனித்தனி அறையில் மறுபடி படித்துப் பதில் சொல்லட்டும். பழைய பதிலோடு ஒப்பிட்டு அனுப்புங்கள்.

"என் ஆளுங்க மேலயே சந்தேகமா" என்றாள் பேராசிரியை. கோபத்தில் அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. "புதன்கிழமை செஞ்சு காட்டிருவோம். இது நிக்கலன்னா கட்டுரை போச்சு, அடுத்த திட்டத்துக்கு வர்ற பணமும் போச்சு. உங்க ரெண்டு பேர் ஒப்பந்தத்தையும் நான் எதைக் காட்டிப் புதுப்பிப்பேன்? ஆனா எனக்குப் பயமில்ல. உங்களத் தெரியும்."

பக்கத்தில் மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாதவர்போல. அந்த அறையிலிருந்து தன் மேசைக்கு எப்படி வந்தாள் என்றே சல்லடைக்கு நினைவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றாள். யாரோ கதவைத் தட்டியதும் தூக்கிவாரிப்போட்டது. துடைப்பக்காரம்மாதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். தாழ்வாரத்தில் பேராசிரியையின் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவாள். வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று பொங்க விட்டாள். அவள் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, "நடு மாடியில மாட்டிக்கிட்டவங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும்" என்றார். அவரிடமும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அவள் கணவர் கடைக்குப் போகும்வரை காத்திருந்து சமையலறைக்குள் வந்தார்.

"அக்கா, நான் ஒரு வழி வச்சிருக்கேன். எந்தக் கட்டுரைங்கன்னு தெரியுமில்ல. என் பேர்ல உள்ள பழைய பதில் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன். நூத்துச் சொச்சம்தான். நீங்களும் உங்களோடத ஒருதடவ பாத்துருங்க."

"எனக்கு எதுக்கு?"

"எதுக்கா? மாறிப்போச்சுன்னா?"

"மாப்பிள்ள, உங்க பேர்ல உள்ளத நீங்க படிக்கல, அதனால மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும். என்னோடத நான் ஒழுங்கா படிச்சுத்தான் போட்டேன். மறுபடி படிச்சா அதே பதில்தான் வரும். நான் என்ன பச்சோந்தியா?"

"ஒருதடவ பாத்துட்டா என்ன குறைஞ்சிரப் போவுது அக்கா?"

"அதையும் திருட்டுத்தனமா பண்ணச் சொல்றீங்களா? ஒண்ணாவது உண்மையா இருக்கட்டுமே."

இதுதான் அவள் செய்த தப்பு. இரண்டு ஆளாக நடித்தவளுக்கு, அதில் ஒரு ஆளாவது சுத்தமானவள் என்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருந்தது. பயத்தில் நடுங்கிக்கொண்டே வீம்பு பிடித்தாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வருகிறது. பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

புதன்கிழமை மாப்பிள்ளையைப் பேராசிரியையின் அறையில் உட்காரவைத்தார்கள். சல்லடைக்குக் கருத்தரங்கக் கூடம். முப்பது காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி, ஒரு லேப்டாப். ஏசி நிற்காமல் முனகியது. முதல் சில கட்டுரைகள் சுலபமாகப் போயின. செயலியில் கணக்குப் பாடம், சேரும். கைபேசிக் கோபுரம் கட்டும் செலவு, சேராது. மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்புறம் அந்தக் கட்டுரை வந்தது. பழம் பெட்டியில் அடுக்கும் கூடத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு, போனில் குரல் பதிவாகப் பாடம் அனுப்பினார்களாம். படம் இல்லை, திரை இல்லை, வெறும் குரல். படிக்கிறவர் பதில் சொல்ல வழி இருந்தால்தான் மின்வழிக் கல்வி என்பது பேராசிரியை வகுத்த விதி. அப்படி வழி இருந்ததா என்று சுருக்கத்தில் தெளிவாக இல்லை. ஆனாலும் சல்லடையின் விரல் 'சேரும்' மேல் போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் தங்கை சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அப்படித்தான் கணக்கெழுதும் படிப்பு ஒன்றை முடித்தாள். காதில் போனை வைத்துக் கேட்பாள், புரியாததைக் குசுகுசுவென்று பேசி அனுப்புவாள், மறுநாள் ஆசிரியையின் குரல் வரும். பக்கத்துக் கட்டில் அம்மாளும் சேர்ந்து கேட்டுச் சந்தேகம் கேட்பாள். இதைக் கண்ணால் பார்த்த பிறகு அது பாடமில்லை என்று எப்படித் தள்ளுவது? சேரும். அழுத்திவிட்டாள்.

அழுத்திய மறுகணம்தான் தோன்றியது. போன வருஷம் இதற்கு என்ன போட்டேன்?

நினைவில்லை. மூளையை எவ்வளவு கசக்கியும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த கட்டுரையும் குரல் பாடம். அதற்கடுத்தது, பெரிய அக்காவின் போனை வாங்கி ராத்திரி பாடம் கேட்கும் பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் இப்போது தெரிகிற பதில் ஒன்று இருந்தது. போன வருஷத்துச் சல்லடை என்ன சொல்லியிருப்பாள் என்பதுதான் தெரியவில்லை. மாப்பிள்ளைக்காக யோசித்ததுபோல அவளுக்காகவும் யோசித்துப் பார்த்தாள். அவசரக்காரி, பொழுது போவதற்குள் இரண்டு பேர் வேலையை முடிக்க வேண்டியவள், சந்தேகம் வந்தால் தள்ளிவிட்டிருப்பாள். ஒருவேளை தள்ளாமலும் இருந்திருப்பாள். ஊரார் மனசைப் படிக்கத் தெரிந்தவளுக்குத் தன் மனசு பிடிபடவில்லை. எழுந்து போய் மாப்பிள்ளையிடம் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. நடுவில் இரண்டு சுவர் இருந்தன. கடைசியில் தெரிந்ததையே அழுத்தினாள், ஒவ்வொன்றாக.

சாயங்காலம் பேராசிரியை கூப்பிட்டபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. கம்ப்யூட்டர் திரையை இருவர் பக்கமும் திருப்பினாள்.

"இவரு பதில் போன வருஷத்தோட அப்படியே ஒத்துப்போவுது. நாலஞ்சுதான் மாறியிருக்கு, அது சகஜம்." சல்லடையைப் பார்த்தாள். "உங்களோடது மூணுல ஒண்ணு மாறிப்போச்சு. குரல் பாடம் எல்லாத்தையும் அப்போ தள்ளியிருக்கீங்க, இப்போ சேர்த்திருக்கீங்க. இதையெல்லாம் சேர்த்தா, ஆராய்ச்சி எந்தப் பக்கம் போவுதுன்னு நாம போட்ட வரைபடமே வேற மாதிரி ஆயிரும்."

"இப்போ படிச்சப்போ அப்படித்தான் தோணுச்சு மேடம்."

"அப்போ தோணலையா? ரெண்டு பேரும் போன வருஷம் அவ்வளவு ஒத்துப்போனீங்களே, எப்படி?" பேராசிரியை திரையை மறுபடி தன் பக்கம் திருப்பினாள். "நிஜமா படிச்சவரு ஒரு வருஷம் கழிச்சும் அதையேதான் சொல்றாரு. படிக்காதவங்களுக்குத்தான் இப்படி ஆகும். அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீங்க பலகைக்கு அந்தப் பக்கம் போய், அவரு கம்ப்யூட்டர்ல அவரோடதப் பார்த்துப் போட்டீங்களா?"

சல்லடை பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை பேசுவார் என்று காத்திருந்தாள். அவர் பேசவேண்டியது ஒரு வரிதான். அவர் தன் கைகளை முட்டிக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். காது மடல் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவரும் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இருவர் வேலையும் போகும். அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது, பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அவள் வீட்டிலாவது லிஃப்டுகள் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. பயத்திலும் மனசு எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள்.

"ஆமா மேடம்" என்றாள்.

மாப்பிள்ளை நிமிரவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உங்களத்தான் நான் முழுசா நம்புனேன்" என்றாள். சல்லடை இந்த மாதத்தோடு நின்றுகொள்ள வேண்டியது, அவள் பங்கை இன்னொருவரை வைத்து முதலிலிருந்து செய்வது, மாப்பிள்ளைக்குப் பொறுப்பைக் கூட்டிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. இனி எதிலும் முதல் ஆளாக அவரே படிப்பார். கண் அவ்வளவு நிலையான கண்ணாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வரச்சொன்னாள். குரலே சரியில்லை. சல்லடை படியேறினாள். எவ்வளவு தெரிந்திருக்கும், யார் சொல்லியிருப்பார்கள் என்று எதுவும் புலப்படவில்லை. கூடத்தில் மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். புதுத் திட்டம், புதுக் குவியல். அவர் கண்கள் குழிவிழுந்திருந்தன. சல்லடையைக் கண்டதும் அந்தக் கண்ணில் ஓர் ஆசுவாசம் வந்ததை அவள் பார்த்தாள். இந்தக் குவியலையும் அவளே படித்துக் கொடுப்பாள் என்ற ஆசுவாசம் அது என்று அவளுக்கு உடனே புரிந்தும் விட்டது.

தங்கை பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றபடியே கேட்டாள். "அவரோடதப் பார்த்து நீ போட்டியாமே அக்கா. நெசமா?"

சல்லடை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார்.

"நான் உயிரோட திரும்புவேனான்னு தெரியாம படுத்துக் கெடந்தேன். இந்த மனுசன் தாழ்வாரத்துல உக்காந்து கண்ணு வீங்க வேலை செஞ்சாரு. அதப் போய்க் காப்பியடிச்சிருக்க. அவரு வேலையும் சேர்ந்து போயிருந்தா நாங்க எங்க போய் நிப்போம்? ஒரு வார்த்த சொல்லு, அவரு சொல்றது பொய்னு சொல்லு, நான் நம்புறேன்."

அவள் கேட்டது மிரட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. சல்லடைக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. பேராசிரியையின் அறையில் போனது வேலை மட்டும்தான். இங்கே வாயைத் திறந்தால் இந்தக் கூடமே இரண்டாகப் பிளக்கும். திறக்காவிட்டால் தங்கை போய்விடுவாள். பிள்ளை தோளில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா, பார்த்துத்தான் போட்டேன்."

தங்கையின் முகம் கோணியது. அழுகையை அடக்க வாயை இறுக்கிக்கொண்டாள். பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டு, "வீட்டுக்கு வராதன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீ என் அக்கா" என்றாள். "ஆனா இவரு வேலைப் பக்கம் மட்டும் இனி வராத. அந்த லேப்டாப்பத் தொடாத, அதப் பத்தி ஒரு வார்த்த பேசாத. என் பிள்ள மேல கை வச்சுச் சொல்லு."

சல்லடை கிட்டே போய்ப் பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"வர மாட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை அப்போதுதான் தலைநிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் முதல் கட்டுரையின் சுருக்கம் திறந்தபடி இருந்தது. அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா" என்று ஆரம்பித்தார். தங்கை அவர் பக்கம் திரும்பி, "என்னங்க?" என்று கேட்டாள். அவர் திரையைப் பார்த்தபடி, "ஒண்ணுமில்ல" என்றார்.